லுபே அக்காவின் பென்டிரைவ்

ஃபிலிபோ: அந்தப் பென்டிரைவைப் பிடுங்காதே.

சினாலெய்: பிடுங்கல, ஃபிலிபோ மாமா. இந்த ஓட்டை சரியில்லையோன்னு பக்கத்துல மாத்திப் போடத்தான்...

ஃபிலிபோ: மாத்திப் போடு. என் கண்ணு முன்னாடி போடு. ரெண்டு கையும் மேஜைக்கு மேலயே இருக்கட்டும்.

பெனிதிதோ: ஃபிலிபோ, அது என் அக்கா மக. இந்தப் பள்ளிக்கூடத்துல இருபது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற டீச்சர். மீன் சந்தையில எடை மாத்துறவ இல்ல.

ஃபிலிபோ: நான் அப்படியா சொன்னேன், பெனிதிதோ?

பெனிதிதோ: மாலேயுன்னு கூப்பிடு. அந்தக் குடும்பத் தலைமைப் பட்டத்துல நான் உக்காந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட நான் உன்னோட ரக்பி ஆடின ஆளு இல்ல.

ஃபிலிபோ: பட்டம் யாருக்குன்னு திங்கட்கிழமை கோர்ட்டு சொல்லப் போகுது. அது வரைக்கும் பேரு போதும். நல்ல பேருதானே, உங்கப்பா வச்சது.

பெனிதிதோ: உங்க அண்ணன் இயோவானே சொல்லி அனுப்பிச்சானா இப்படிக் கூப்பிடச் சொல்லி?

ஃபிலிபோ: எங்கண்ணன் 'நல்லாப் பாத்துட்டு வா'ன்னுதான் சொல்லி அனுப்பிச்சாரு. பேச எனக்கே தெரியும். ஏம்மா, ஏதாவது வந்துச்சா?

சினாலெய்: வரல. அப்படியே இருக்கு.

பெனிதிதோ: வரலைன்னா வரல. முயற்சி பண்ணினோம், திறக்கலைன்னு குடும்ப சபையில சொல்லிடலாம். எழுந்திரு, போகலாம்.

ஃபிலிபோ: அதுக்குள்ளயா? நான் கொண்டு வந்த பனிகேகே பலகாரத்துல பாதி அப்படியே இருக்கு. கோகோ ஆறக்கூட இல்ல. உக்காருங்க.

பெனிதிதோ: எனக்கு வேற வேலை இருக்கு.

ஃபிலிபோ: திங்கட்கிழமை கேஸை வச்சுக்கிட்டு சனிக்கிழமை உங்களுக்கு இதை விட என்ன வேலை? நேத்து சபையில என்ன முடிவாச்சு? சினாலெய் பென்டிரைவைக் கொண்டு வந்து எல்லார் முன்னாடியும் வச்சா. அந்தக் கிளைக்கு ஒருத்தர், இந்தக் கிளைக்கு ஒருத்தர், திறக்கத் தெரிஞ்சவ ஒருத்தின்னு மூணு பேரா உக்காந்து கேக்கணும். கேட்டதைக் கோர்ட்டுல சொல்லணும். நீங்களும்தான் தலையாட்டினீங்க.

பெனிதிதோ: ஆட்டினேன். இல்லைன்னு சொல்லலையே.

ஃபிலிபோ: இன்னிக்குக் காலையிலயும்தான் ஆட்டினீங்க.

சினாலெய்: காலையில எங்க?

ஃபிலிபோ: உனக்குத் தெரியாதா? சொல்றேன் கேளு. சலெலோலோகாவுல கப்பல் துறைக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்குல்ல, உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் முதல்ல அங்கதான் போனோம். கடைக்காரன் சொருகினான். இதுல எனக்கு ஒண்ணும் புரியல, ஃபார்மெட் பண்ணட்டுமான்னு அவன் மெஷின் கேட்டுச்சு. இவரு என்ன பண்ணினாருங்கிறே? ரொம்ப மரியாதையாத் தலையை ஆட்டினாரு. 'பண்ணு தம்பி, பண்ணு'ன்னாரு. நான் பாய்ஞ்சு அவன் கையைப் பிடிக்கலைன்னா உங்கம்மா குரல் மொத்தமாப் போயிருக்கும்.

பெனிதிதோ: எனக்கு இங்கிலீஷ் எழுத்து கண்ணாடி இல்லாம தெரியாது.

ஃபிலிபோ: கண்ணாடி சட்டைப் பையில இருந்துச்சு.

பெனிதிதோ: பையில இருந்தா கண்ணுல இருக்குன்னு அர்த்தமா?

சினாலெய்: அது விண்டோஸ் மெஷின், மாமா. அம்மா பேசினதை நான் இங்க, இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல வச்சுத்தான் பதிஞ்சேன். இது பதியற விதத்தை அது படிக்காது. படிக்கத் தெரியலைன்னா துடைக்கட்டுமான்னு கேக்கும். யாரா இருந்தாலும் ஏமாந்து போவாங்க.

ஃபிலிபோ: யாரு வேணா ஏமாறலாம். மாலேயு ஏமாறலாமா?

பெனிதிதோ: இப்ப மட்டும் மாலேயு வருதோ வாயில.

ஃபிலிபோ: சரி, டீச்சரம்மா. அந்தக் கடைக்காரனும் அதையேதான் சொன்னான். எந்த மெஷின்ல பண்ணினாங்களோ அங்கயே கொண்டு போங்கன்னான். கொண்டு வந்தாச்சு. பெத்த மெஷினே பிள்ளையை அடையாளம் தெரியலைங்குது. அது எப்படி?

சினாலெய்: பென்டிரைவ் கெட்டுப் போயிருக்கலாம். நம்ம ஊர் உப்புக் காத்துக்கு எதுதான் தாங்குது.

ஃபிலிபோ: அப்படியா. அப்ப இதைப் போடு.

சினாலெய்: என்ன இது?

ஃபிலிபோ: எங்க சர்ச் பாட்டுக் குழுவோடது. ஞாயித்துக்கிழமை பாட்டெல்லாம் இதுலதான். நேத்து ராத்திரி பஸ்ஸுல போட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன், ஜன்னலெல்லாம் அதிர்ந்துச்சு. போடு.

சினாலெய்: எதுக்கு மாமா, கண்டதையும் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல...

ஃபிலிபோ: கண்டதா? தேவனோட பாட்டும்மா. போடு.

சினாலெய்: ...போட்டாச்சு.

ஃபிலிபோ: வந்துச்சா?

சினாலெய்: இல்ல.

ஃபிலிபோ: அப்ப என் பென்டிரைவும் உப்புக் காத்துல கெட்டுப் போச்சு. ரெண்டும் ஒரே நாள்ல. பாவம்.

பெனிதிதோ: கிண்டல் போதும்.

ஃபிலிபோ: கிண்டல் இல்ல, கணக்குப் போடுறேன். பென்டிரைவ் நல்லா இருக்கு. அப்ப ஓட்டையிலதான் கோளாறு. ஏம்மா, அந்தக் கீபோர்டு வயரைக் கழட்டி இதே ஓட்டையில சொருகு.

சினாலெய்: எதுக்கு?

ஃபிலிபோ: சொருகேன்.

சினாலெய்: சொருகிட்டேன்.

ஃபிலிபோ: ஏதாவது அடி.

சினாலெய்: அடிச்சுட்டேன்.

ஃபிலிபோ: எழுத்து விழுதே. அழகா விழுதே. ஓட்டையும் நல்லா இருக்கு, பென்டிரைவும் நல்லா இருக்கு. வாசல்ல நிக்கிறது கீபோர்டுன்னா உள்ள விடுது, பென்டிரைவுன்னா கதவைச் சாத்திக்குது. அது எப்படின்னு எனக்குத் தெரியாது. என் மக எசெதாவுக்குத் தெரியும். ஆக்லாந்துல அவளுக்கு இதே லினக்ஸ் மெஷினுங்களைப் பாத்துக்கிறதுதான் வேலை.

பெனிதிதோ: வெளியாளைக் கூப்பிடணும்னு சபை சொல்லல.

ஃபிலிபோ: என் மக வெளியாளா? அவ கல்யாணத்துக்கு நீங்கதானே குடும்பச் சீரா பாய் கொடுத்தீங்க. ...ஆங், எசெதா. அப்பாதான். ம். ம். இரு, சொல்றேன். சினாலெய், கறுப்பு ஜன்னல் ஒண்ணு இருக்குமாம், அதைத் திறக்கச் சொல்றா. எந்தெந்தச் சாமான் சொருகியிருக்குன்னு பட்டியல் கேக்கணுமாம்.

சினாலெய்: கேட்டுட்டேன்.

ஃபிலிபோ: அதுல பென்டிரைவ் பேரு இருக்கா?

சினாலெய்: ...இருக்கு.

ஃபிலிபோ: இருக்காம், எசெதா. ம்... அப்ப மெஷினுக்கு அது வந்திருக்கிறது தெரியுதாம். ஆனா அதைக் கையாளுற சின்ன புரோகிராம் ஒண்ணு எழுந்து வரலையாம். தானா எழுந்து வரணுமாம் அது. வராம இருக்க ஒரே காரணம்தான் இருக்குமாம்... என்னது? மெதுவாச் சொல்லு. 'எழுந்து வராதே'ன்னு யாராவது ஒரு வரி எழுதி வச்சிருந்தாத்தானாம்.

பெனிதிதோ: யாரு எழுதுவா?

ஃபிலிபோ: அதைத்தான் நானும் கேக்குறேன். அந்த வரி இருக்கிற பட்டியலைக் காட்டச் சொல்றா. டீச்சர்? கேக்குதா?

சினாலெய்: கேக்குது.

ஃபிலிபோ: காட்டு.

சினாலெய்: காட்ட வேணாம். நான்தான் எழுதினேன்.

பெனிதிதோ: நீயா?

சினாலெய்: ஸ்கூலுக்காக, மாமா. பசங்க வீட்டுலேர்ந்து படம், விளையாட்டு, வைரஸ் எல்லாம் பென்டிரைவ்ல கொண்டு வர்றாங்க. அதான் எல்லாத்துக்கும் சேத்து ஒரு பூட்டு. மறந்தே போச்சு.

ஃபிலிபோ: மறந்து போச்சு. ஒரு மணி நேரமா ஓட்டை ஓட்டையா மாத்துறப்போ ஞாபகம் வரல.

சினாலெய்: எனக்கும் வயசாகுது.

ஃபிலிபோ: முப்பத்தி நாலு ஆகுது உனக்கு. ...ம், சொல்லு எசெதா. அந்த வரி எப்ப எழுதினதுன்னு தேதி பக்கத்துலயே வருமாம். எங்க, அந்தப் பட்டியலைத் திற, நகரு... வியாழக்கிழமை. சாயங்காலம் நாலரை. ஏம்மா, ஸ்கூலுக்கு எப்ப லீவு விட்டீங்க?

சினாலெய்: ...புதன்கிழமை.

ஃபிலிபோ: ஒரு பையனும் இல்லாத ஸ்கூல்ல வியாழக்கிழமை எந்தப் பையன் படம் கொண்டு வந்தான்?

பெனிதிதோ: அவ வாத்தியாரம்மா. லீவு விட்டப்புறம்தான் ஒழுங்கு பண்ண நேரம் கிடைக்கும். இதுல என்ன குத்தம் கண்டுட்டே?

ஃபிலிபோ: குத்தம்னு சொல்லல. பூட்டு உன்னோடது, சாவி உன்கிட்ட. திற.

சினாலெய்: மாமா...

பெனிதிதோ: என்னைப் பாக்காதே.

ஃபிலிபோ: ஏன் அவரைப் பாக்குறே?

பெனிதிதோ: ஃபிலிபோ, ஒண்ணு சொல்றேன், கேளு. அது வெறும் சாமான் இல்ல. என் அக்கா வாக்கு. நம்ம குடும்பத்துல பொறந்த மூத்த பொண்ணோட வாக்குக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. பாய் விரிச்சு, பெரியவங்க எல்லாம் உக்காந்து, பாதிரியார் ஜெபம் பண்ணித்தான் கேக்கணும். நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, எண்ணெய்ப் பலகாரம் தின்னுக்கிட்டு, போன்ல மகளை வச்சுக்கிட்டுக் கேக்கிறதா?

சினாலெய்: மாமா சொல்றது சரின்னு எனக்கும் தோணுது.

ஃபிலிபோ: எசெதா, நீ வை. அப்புறம் கூப்பிடுறேன். ...போனை வச்சாச்சு. பலகாரத்தையும் மூடியாச்சு. இப்ப எனக்கு ஒண்ணு புரிய வைங்க. உங்கப்பா சாகுறப்போ பக்கத்துல இருந்தது லுபே அக்கா. படுக்கையைச் சுத்தியிருந்த திரையை விலக்கிக்கிட்டு வெளிய வந்து, 'மாலேயு பெனிதிதோவுக்குன்னு அப்பா சொல்லிட்டாரு'ன்னு சொன்னதும் அவங்கதான். அந்த ஒரு வாக்கை வச்சுத்தான் நீங்க இத்தனை வருஷம் சபை வீட்டுல தலைவருக்குன்னு இருக்கிற முதல் தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கீங்க. சரிதானே?

பெனிதிதோ: சரி.

ஃபிலிபோ: அக்கா இருந்த வரைக்கும் நாங்க யாரும் வாயைத் திறக்கல. மே மாசம் அவங்களை அடக்கம் பண்ணினோம். அதுக்கப்புறம்தான் எங்கண்ணன், கேட்ட ஆளும் போயாச்சு, அந்த வாக்குக்கு என்ன சாட்சின்னு கோர்ட்டுக்குப் போனாரு. அந்தச் சாட்சி இதுக்குள்ள இருக்கு. அக்கா படுத்த படுக்கையில என் பொண்டாட்டிகிட்டச் சொன்னாங்க, அன்னிக்கு நடந்ததைப் பேசி சினாலெய்கிட்ட வச்சிருக்கேன்னு. இது திறந்தா ஜெயிக்கிறது நீங்க. தோக்குறது நாங்க. பயப்பட வேண்டியவன் நான். நான் திற திறங்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கதவைச் சாத்துறீங்க. ஏன்?

பெனிதிதோ: திற, சினாலெய்.

சினாலெய்: மாமா, வேணாம்.

பெனிதிதோ: திறன்னு சொன்னேன். பயந்த குடும்பம்னு ஒருத்தன் சொல்ல நான் விட மாட்டேன்.

சினாலெய்: ...பாஸ்வேர்டு அடிக்கணும். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பாருங்க.

ஃபிலிபோ: நான் பாக்கத்தான் வந்திருக்கேன். அடி. ...அடேயப்பா, லைட்டு எரியுது. இவ்வளவு நேரம் செத்த மாதிரிக் கிடந்துச்சே.

சினாலெய்: அந்த வரியைத் தாண்டி, புரோகிராமை நானே கையால எழுப்பி விட்டுட்டேன். இனிமே இதை ஒரு இடத்துல சேத்து வைக்கணும். வெறுமே சொருகினா மட்டும் பத்தாது, எந்த ரூம்ல இறக்கணும்னு சொல்லணும்.

ஃபிலிபோ: இறக்கு, இறக்கு. ஒரே ஒரு பேருதான் தெரியுது.

சினாலெய்: 'லுபே.' அதுதான்.

பெனிதிதோ: போடு.

சினாலெய்: போட்டுட்டேன்.

ஃபிலிபோ: சத்தத்தைக் கூட்டி வை. ...என்னம்மா, ஒண்ணும் கேக்கலையே.

சினாலெய்: ஓடல.

ஃபிலிபோ: ஏன் ஓடல?

சினாலெய்: உள்ள ஒண்ணும் இல்ல. அளவு பூஜ்யம்னு காட்டுது. பேரு மட்டும்தான் இருக்கு.

பெனிதிதோ: ஒண்ணுமே இல்லையா? ஒரு வார்த்தை கூட?

சினாலெய்: இல்ல, மாமா. லினக்ஸ்ல இப்படி ஆகும். எழுதினதைக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சுக்கிட்டு அப்புறம்தான் பென்டிரைவ்ல இறக்கும். எடுக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லணும். சொல்லாம பிடுங்கினா பேரு மட்டும் பதிஞ்சு உள்ளே காலியா நிக்கும். அம்மா அன்னிக்கு முடியாம இருந்தாங்க... அவசரத்துல நான் பிடுங்கியிருப்பேன்.

ஃபிலிபோ: அப்ப இதுதான் சாட்சி. பூஜ்யம். இருபத்திரண்டு வருஷ வாக்குக்கு...

பெனிதிதோ: வாயை அடக்கு. என் அக்காவைப் பத்திப் பேசுறே.

ஃபிலிபோ: அக்காவைப் பத்திப் பேசல. லுபே அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு. என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அவங்கதான் பேரு வச்சாங்க. ...ஏம்மா, அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கிறது என்ன?

சினாலெய்: எது?

ஃபிலிபோ: அதான், முன்னே அந்த வரிக்குப் பக்கத்துலயும் இருந்துச்சே. தேதி. கொஞ்சம் நகரு, கண்ணு சரியாத் தெரியல. வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு பத்து.

பெனிதிதோ: எந்த வியாழக்கிழமை?

ஃபிலிபோ: முந்தா நாள். செப்டம்பர் மாசத்து வியாழக்கிழமை. அடக்கம் மே மாசம். பெட்டியில ஒரு மூலையை நான் பிடிச்சேன், பெனிதிதோ. தோள் வலி மூணு நாள் போகல. செத்தவ வியாழக்கிழமை எழுந்து வந்து எழுதினாளா?

சினாலெய்: பழைய மெஷின் மாமா இது. உள்ளே பேட்டரி போயிடுச்சு. கரண்டு போனா கடிகாரம் தப்பாக் காட்டும்.

ஃபிலிபோ: இப்ப மணி என்ன காட்டுது?

சினாலெய்: ரெண்டு இருபத்தி ஆறு.

ஃபிலிபோ: என் போனும் ரெண்டு இருபத்தி ஆறு. நல்ல கடிகாரம். நாலு பத்துக்கு யாரோ உள்ளே இருந்ததைக் காலி பண்ணியிருக்காங்க. நாலரைக்கு யாரோ பூட்டுப் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலையில சபைக்குக் கொண்டு வந்தது யாரு? வியாழக்கிழமை இது யார்கிட்ட இருந்துச்சு? சொல்லும்மா. என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

சினாலெய்: அது... வியாழக்கிழமை...

பெனிதிதோ: என்கிட்ட இருந்துச்சு.

சினாலெய்: மாமா.

பெனிதிதோ: நீ சும்மா இரு. ஸ்கூல் கமிட்டிக்குத் தலைவன் நான். இந்த ரூம் சாவி என் இடுப்புலதான் கிடக்கு. வியாழக்கிழமை மத்தியானம் இவகிட்ட பென்டிரைவை வாங்கினேன். ராத்திரி திருப்பிக் கொடுத்தேன். உள்ளே இருந்ததை எடுத்தவன் நான். பூட்டும் நான் போடச் சொன்னதுதான்.

ஃபிலிபோ: நீங்களா? கடையில மவுஸை எலி பிடிக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சீங்களே.

பெனிதிதோ: நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?

ஃபிலிபோ: விழுந்துச்சு. நம்பிக்கைதான் வரல. ஆனா நம்பறது என் வேலை இல்ல. கேட்டதை அப்படியே சொல்றதுதான். மாலேயு பட்டத்துல உக்காந்திருக்கிற ஆளு, சொந்த அக்கா குரலைக் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அழிச்சாருன்னு திங்கட்கிழமை எழுந்து நின்னு சொல்லுவேன். அவரு வாயாலயே கேட்டேன்னும் சொல்லுவேன். சரிதானே?

பெனிதிதோ: சொல்லு.

ஃபிலிபோ: உங்க பேரன் பேத்திங்க காதுலயும் விழும்.

பெனிதிதோ: விழட்டும். மூணு மணி பஸ்ஸு சர்ச் கிட்ட வந்து நிக்கும். போ.

ஃபிலிபோ: போறேன். பென்டிரைவ் என்கிட்ட இருக்கட்டும். கொடும்மா. ...என்ன, இப்ப எடுக்கலாமா? எடுக்கப் போறோம்னு அதுகிட்டச் சொல்லிட்டியா?

சினாலெய்: சொல்லிட்டேன். எடுத்துக்கோங்க.

ஃபிலிபோ: வர்றேன்... நான் சந்தோஷமாப் போகலை, பெனிதிதோ. அதையும் தெரிஞ்சுக்கோங்க. வரப் பிடிக்காமதான் வந்தேன்.

சினாலெய்: ...போயிட்டாரு.

பெனிதிதோ: கதவு திறந்துதான் இருக்கு. மெதுவாப் பேசு.

சினாலெய்: ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? வியாழக்கிழமை நீங்க இந்தப் பக்கமே வரல. தோட்டத்துல சேப்பங்கிழங்கு நட்டுக்கிட்டு இருந்தீங்க. ஊரே பாத்துச்சு.

பெனிதிதோ: நீதானே?

சினாலெய்: நான்தான்.

பெனிதிதோ: எப்பலேர்ந்து சந்தேகம்னு கேளு. 'மறந்து போச்சு'ன்னு சொன்னியே, அப்பவே. நீ நாலு வயசுல கேட்ட ஜெபத்தை இன்னும் வரி விடாம சொல்றவ.

சினாலெய்: பேரையும் சேத்து அழிச்சிருந்தா, வேற பென்டிரைவை மாத்திக் கொடுத்துட்டான்னு என்னைச் சொல்லுவாங்க. பேரு இருக்கட்டும், உள்ளே காலியா இருந்தா ஏதோ கோளாறுன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். தேதி விழும்னு அப்புறம்தான் உறைச்சுது. மெஷினே அதை ஏத்துக்கலைன்னா யாரு தேதி பாக்கப் போறாங்கன்னு அந்தப் பூட்டு. பிள்ளைங்களுக்கு இதைப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவ நான். அடி முட்டாள் மாதிரி மாட்டிக்கிட்டேன்.

பெனிதிதோ: உள்ளே என்ன இருந்துச்சு?

சினாலெய்: கேக்காதீங்க.

பெனிதிதோ: நான் திருடினேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். எதைத் திருடினேன்னு எனக்குத் தெரிய வேணாமா?

சினாலெய்: நீங்க திங்கட்கிழமை தலை நிமிர்ந்து போகணும்னுதான் அழிச்சேன். அம்மாவையும் யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது. தெரிஞ்சா உங்களால அந்தத் தூண்ல சாஞ்சு உக்கார முடியாது.

பெனிதிதோ: சொல்லு.

சினாலெய்: மூணு நிமிஷம்தான் பேசினாங்க. நடுவுல இருமல். 'அப்பா கடைசியில ஒரு வார்த்தையும் பேசல. நினைவே இல்லாமதான் போனாரு. மாலேயு பெனிதிதோவுக்குன்னு சொன்னது நானா இட்டுக் கட்டினது. பட்டத்துக்காக ஆம்பளைங்க கத்தி எடுத்துடுவாங்களோன்னு பயந்து சொன்னேன். என் தம்பிக்கு இது எதுவும் தெரியாது. அவன் மேல குத்தம் இல்ல.' அவ்வளவுதான்.

பெனிதிதோ: தெரியாதுன்னா சொன்னா?

சினாலெய்: ரெண்டு தடவை சொன்னாங்க. 'அவனுக்குத் தெரியாது, எழுதிக்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

பெனிதிதோ: ரெண்டு தடவையா.

சினாலெய்: மாமா, உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

பெனிதிதோ: வேணாம்.

சினாலெய்: முழுசா அழிக்க எனக்கு மனசு வரல. அம்மா குரலாச்சே. இந்த மெஷினுக்குள்ள ஒரு காப்பி இருக்கு, என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது. நீங்க சரின்னா அதையும் இப்பவே துடைச்சுடறேன். ஒரு வரி அடிச்சாப் போதும். அப்புறம் அம்மாவைப் பொய்க்காரின்னு சொல்ல ஒரு ஆதாரமும் இருக்காது. வியாழக்கிழமை பண்ணினது நான்தான்னு கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேலை போனாப் போகுது. உங்க பேருக்கு ஒரு கறையும் வராது... என்ன சொல்றீங்க? அடிக்கட்டுமா?

பெனிதிதோ: கீபோர்டுலேர்ந்து கையை எடு. பஸ்ஸு வர இன்னும் நேரம் இருக்கு, ஓடிப் போய் ஃபிலிபோவைக் கூட்டிக்கிட்டு வா, அவன் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கட்டும்... கேட்டு முடிச்சதும் அதுல ஒரு வார்த்தை பொய்யின்னு நான் அவன்கிட்டச் சொல்லணும். அப்பா போனப்போ திரைக்குள்ள நானும்தான் இருந்தேன், சினாலெய். 'எனக்குன்னு சொல்லு அக்கா'ன்னு அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சி வெளிய அனுப்பினது நான்.